தோற்றது தேசிங்கா? திட்டமா?

செஞ்சிக் கோட்டையை ஆண்ட தேசிங்கு ராஜனின் கதையைத் தெரியாதவர்கள் தமிழ்நாட்டில் குறைவு. சிலர் தெருக்கூத்தில் பார்த்திருப்பார்கள். சிலர் பாட்டி சொல்லக் கேட்டிருப்பார்கள். 1960-ம் ஆண்டில் எம்.ஜி.ஆர். நடித்து வெளிவந்த "ராஜா தேசிங்கு" படத்தில் சிலர் கண்டிருப்பார்கள்.

அவனுக்கு வயது 22. பட்டத்துக்கு வந்து ஓர் ஆண்டுகூட ஆகவில்லை. ஆற்காடு நவாபின் பெரிய சேனை செஞ்சியை நோக்கி வந்தது. ஒரு சிறு படையோடு அவன் எதிர்த்துப் போனான். 1714-ம் ஆண்டு அக்டோபர் 3-ந் தேதி போர்க்களத்தில் மாண்டான்.

300 ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. ஆனாலும் கதையைக் கேட்டு முடித்ததும் ஒரு கேள்வி எழுகிறது.

இந்தத் தோல்விக்கு யார் காரணம்? முன்பின் யோசிக்காமல் குதிரையைத் தட்டிவிட்ட வாலிபனா? அல்லது அவனை அந்த நெருக்கடியில் கொண்டுபோய் நிறுத்திய பெரியவர்களின் ஏற்பாடா?

இது ராஜாக்களுக்கு மட்டும் உரிய கேள்வி அல்ல. கடையில் நஷ்டம் வந்தால் பொறுப்பேற்ற மகனைக் குறை சொல்கிறார்கள். பந்தயத்தில் தோற்றால் முன்னால் நின்ற இளைஞனைத் திட்டுகிறார்கள். கடல் கடந்து அமெரிக்காவின் விளையாட்டு மைதானங்களிலும் ஆண்டுதோறும் இதே வழக்குத்தான் நடக்கிறது. செஞ்சி வழக்கை முதலில் விசாரிக்கலாம்.

மூன்று மலைக் கோட்டை

விழுப்புரம் மாவட்டத்தில், திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை போகும் சாலையில் செஞ்சி இருக்கிறது. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று 3 மலைகள். மூன்றையும் சேர்த்து வளைத்துக் கட்டிய மதில்கள். அவற்றின் நீளம் சுமார் 8 மைல்.

மூன்றிலும் உயரமானது ராஜகிரி. சுமார் 800 அடி. உச்சிக்குப் போகும் வழியில் பாறை பிளந்து ஒரு பெரிய பள்ளம் கிடக்கிறது. அதன்மேல் மரப்பாலம் போட்டிருந்தார்கள். பாலத்தை எடுத்துவிட்டால் எதிரி அந்தண்டை நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்!

இந்தக் கோட்டையை 1677-ம் ஆண்டில் மராட்டிய வீரர் சிவாஜி கைப்பற்றினார். மதில்களைப் பலப்படுத்தினார். பிற்காலத்தில் அவருடைய மகன் ராஜாராம் மொகலாயர்களுக்குத் தப்பி இங்கே வந்து தங்கினார். அவரைப் பிடிக்கத் தளபதி சுல்பிகர்கான் பெரிய படையோடு 1690-ல் வந்து கோட்டையை முற்றுகையிட்டார்.

கோட்டை எப்போது விழுந்தது? 1698-ல்! சுமார் 8 ஆண்டுகள் முற்றுகை நீடித்தது. அதற்குள் ராஜாராம் தப்பிப் போய்விட்டார். நடுவில் ஒரு சமயம் முற்றுகை போட்டவர்களே சோற்றுக்குத் திண்டாடினார்கள். வந்தவாசிக்குப் பின்வாங்கிப் போனார்கள்.

"அப்படிப்பட்ட கோட்டை கையில் இருந்தும் தேசிங்கு ஏன் வெளியே வந்தான்?" என்று பலரும் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். விடை சொல்லுமுன் அவனுடைய தகப்பனாரின் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

தகப்பன் வைத்துப்போன பாக்கி

கோட்டை மொகலாயர் வசம் வந்த பிறகு, டில்லி பாதுஷா அவுரங்கசீப் அதைக் காக்க ஒரு தளபதியை நியமித்தார். அவர் பெயர் சொரூப்சிங். வடக்கே புந்தேல்கண்டு என்ற சீமையைச் சேர்ந்த ராஜபுத்திரர். தேசிங்கின் தகப்பனார் அவர்தான். தேசிங்கின் உண்மைப் பெயர் தேஜ்சிங். அதுவே தமிழர் வாயில் தேசிங்கு ஆயிற்று.

சொரூப்சிங் செஞ்சிக்கு ராஜா அல்ல. பாதுஷாவின் உத்தியோகஸ்தர். கோட்டையைக் காக்க வேண்டும். வரி வசூலிக்க வேண்டும். மேலிடத்துக்குச் சேர வேண்டிய பணத்தைச் செலுத்த வேண்டும். அவர் அதைச் சரிவரச் செலுத்தவில்லை. வருஷத்துக்கு வருஷம் பாக்கி ஏறியது.

அதோடு கடலூர் ஆங்கிலேயர்களுடன் தகராறு வேறு. அவர்களுடைய புனித டேவிட் கோட்டைக்கும் செஞ்சிக்கும் 1710 முதல் 1712 வரை சண்டை நடந்தது. புதுச்சேரியில் இருந்த பிரெஞ்சு கவர்னர் நடுவில் புகுந்து சமாதானம் செய்து வைத்தார்.

1714-ல் வயோதிகத்தால் சொரூப்சிங் இறந்தார். மகனுக்கு அவர் விட்டுப்போன சொத்து என்ன? ஒரு பிரசித்தி பெற்ற கோட்டை. தீராத பாக்கி. பக்கத்தில் இருந்த ஆங்கிலேயர்களோடு பழைய மனத்தாங்கல்.

தகப்பன் இறந்த செய்தி கேட்டுத்தான் தேசிங்கு வடக்கே இருந்து குடும்பத்தோடு செஞ்சிக்கு வந்தான் என்று சரித்திர நூல்கள் கூறுகின்றன. அப்படியானால் அவன் ஊருக்கே புதியவன்!

டில்லியில் குழப்பம்

தேசிங்கு பட்டத்தில் அமர்ந்தான். ஆற்காட்டில் இருந்த நவாப் சாதத்துல்லாகான் அதை ஒப்புக்கொள்ளவில்லை.

நவாபின் வாதம் இதுதான்: "சொரூப்சிங்குக்குக் கொடுத்தது உத்தியோகம். அது மகனுக்குத் தானாக வராது. டில்லியிலிருந்து புது உத்தரவு வேண்டும். பழைய பாக்கியையும் கட்ட வேண்டும்."

இதில் சட்டம் இருக்கிறது. இன்றும் தாசில்தார் இறந்தால் அவர் மகன் மறுநாள் நாற்காலியில் உட்கார்ந்துவிட முடியாது. உத்தரவு வர வேண்டும்.

தேசிங்கின் வாதம் வேறு: "என் தகப்பனுக்கு அவுரங்கசீப் பாதுஷாவே கொடுத்த உத்தரவு இருக்கிறது. நடுவில் நவாப் யார்?"

அவன் காட்டிய உத்தரவில் ஒரு கோளாறு. அதைக் கொடுத்த அவுரங்கசீப் 1707-லேயே இறந்துவிட்டார். அதற்குப் பிறகு பகதூர்ஷா வந்தார். 1712-ல் அவரும் இறந்தார். அடுத்து வந்த ஜகந்தர்ஷா ஓர் ஆண்டு முடிவதற்குள் கொல்லப்பட்டார். 1713-ல் பரூக்சியர் பாதுஷா ஆனார். 7 ஆண்டுகளுக்குள் 3 பாதுஷாக்கள்!

டில்லியிலேயே யார் தலை எப்போது உருளும் என்று தெரியாத காலம். அங்கிருந்து வந்த காகிதத்தைக் காட்டித் தெற்கே யாரை மிரட்ட முடியும்? பக்கத்தில் படை வைத்திருந்தவன் சொன்னதுதான் சட்டம். அந்தப் படை ஆற்காட்டில் இருந்தது.

காலம் மாறிவிட்டது. தகப்பன் காலத்தில் செல்லுபடியான காகிதம் மகன் காலத்தில் செல்லாத நோட்டு ஆகிவிட்டது. அதை அவனுக்கு எடுத்துச் சொல்லவேண்டியவர்கள் சொன்னார்களா? சொல்லியும் அவன் கேட்கவில்லையா? இதற்கு ஊர் மக்கள் ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். அந்தப் பதில் இருக்கும் இடம் சிங்கவரம்.

முகம் திருப்பிய பெருமாள்

செஞ்சிக்கு வடக்கே இரண்டரை மைல் தூரத்தில் சிங்கவரம் கிராமம் இருக்கிறது. சிறிய குன்று. படி ஏறிப்போனால் பாறையைக் குடைந்து செய்த ரங்கநாதர் கோவில். பல்லவர் காலத்து வேலை. பெருமாள் பள்ளிகொண்ட கோலத்தில் சுமார் 24 அடி நீளத்துக்கு நீண்டு கிடக்கிறார். தனிக் கல்லைக் கொண்டுவந்து வைத்த சிலை அல்ல; அதே மலைப் பாறையில் செதுக்கியது.

தேசிங்கின் குலதெய்வம் இந்தப் பெருமாள்தான் என்பார்கள். போருக்குப் புறப்படுமுன் இங்கே வந்தானாம். கைகூப்பி நின்று விடை கேட்டானாம். பெருமாள் உத்தரவு கொடுக்கவில்லை. "இன்று போகாதே" என்பதுபோல் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாராம். தேசிங்கு கேட்கவில்லை. குதிரை ஏறிவிட்டான்.

இன்றும் சிங்கவரம் போகிறவர்களுக்குப் பெருமாளின் தலை திரும்பியிருப்பதைக் காட்டி இந்தக் கதையைச் சொல்கிறார்கள்.

சிலை தேசிங்கு பிறப்பதற்குச் சுமார் 1,000 ஆண்டுகளுக்கு முன்பே செதுக்கப்பட்டது. ஆகவே கதை பின்னால் வந்தது. ஆனால் கதையில் ஓர் உண்மை ஒளிந்திருக்கிறது. "அவனுக்கு எச்சரிக்கை சொல்லப்பட்டது. அவன் மீறினான்" என்று மக்கள் எண்ணினார்கள். அவனை உயிராக நேசித்த மக்களே அப்படி எண்ணினார்கள். அந்தத் தீர்ப்பைத்தான் சிலையின் முகத்தில் எழுதி வைத்தார்கள்.

அக்டோபர் 3

நவாபின் படையில் பல ஆயிரம் பேர் இருந்தார்கள். தேசிங்கிடம் இருந்தவர்கள் சுமார் 350 குதிரை வீரர்கள், 500 காலாட்கள் என்று கணக்குச் சொல்கிறார்கள்.

அவனுக்கு உயிர்த் தோழன் ஒருவன். மகபத்கான். கதைப்பாட்டில் அவன் பெயர் மோவுத்துக்காரன். தேசிங்கு இந்து, அவன் முஸ்லிம். எதிரியும் முஸ்லிம். ஆனாலும் தோழன் பக்கம்தான் நின்றான். அவனுக்குக் கலியாணம் நடக்கிற நேரம். செய்தி வந்ததும் மணக்கோலத்தை விட்டுவிட்டு வந்து சேர்ந்தான் என்று கதை சொல்கிறது. கூத்து மேடையில் இந்த இடம் வரும்போது கண் கலங்காதவர்கள் இல்லை.

அது மழைக்காலம். சங்கராபரணி ஆற்றில் வெள்ளம் போயிற்றாம். தேசிங்கு ஆற்றில் குதிரையை இறக்கினான். எல்லோராலும் பின்தொடர முடியவில்லை. கொஞ்சம் பேர்தான் அக்கரை சேர்ந்தார்கள். இருந்த சிறு படையும் இரண்டாகப் பிரிந்துபோயிற்று!

போர் மும்முரமாக நடந்தது. மகபத்கான் விழுந்தான். தேசிங்கும் விழுந்தான். அவனுடைய இளம் மனைவி உடன்கட்டை ஏறினாள். செஞ்சியில் செட்டிக்குளத்தின் கரையில் உள்ள ஒரு மேடையைக் காட்டி, "இங்கேதான்" என்பார்கள். நீலாம்பூண்டி கிராமத்தில் தோழனுக்கும் குதிரைக்கும் சமாதிகள் இருக்கின்றன.

வென்ற நவாபே அந்த இளம் ஜோடிக்காக வருந்தினார் என்றும், அவள் நினைவாகவே ஆற்காட்டுக்குப் பக்கத்தில் ராணிப்பேட்டை உண்டாயிற்று என்றும் வழிவழியாகச் சொல்கிறார்கள். வெற்றிக்குப்பின் 1717-18-ல் செஞ்சியில் நவாபின் பெயரால் எழுந்த மசூதி இன்றும் இருக்கிறது.

ஒரு கட்சி: வாலிபன் குற்றம்

இப்போது வழக்குக்கு வரலாம்.

தேசிங்கின்மேல் குற்றம் சாட்டுகிறவர்கள் 3 காரணம் சொல்கிறார்கள்.

ஒன்று: கோட்டைக்குள் இருந்திருக்கலாம். ராஜகிரி உச்சியைக் கொஞ்சம் பேரே காக்க முடியும்.

இரண்டு: பேச்சு நடத்தி, ஒரு பகுதிப் பணம் கட்டி, காலம் கடத்தியிருக்கலாம். அந்தக் காலத்தில் பாளையக்காரர்கள் பலர் அப்படித்தான் பிழைத்தார்கள்.

மூன்று: ஆறு வடியும்வரை காத்திருக்கலாம். படை முழுவதும் ஒன்றாகப் போயிருக்கலாம்.

மூன்றும் சரிதான். மூன்றாவதற்குப் பதிலே கிடையாது. வெள்ளத்தில் குதிரையை இறக்கியது அவனுடைய சொந்த முடிவு. அதைத் தகப்பன் தலையில் கட்ட முடியாது.

மறு கட்சி: ஏற்பாட்டின் குற்றம்

ஆனால் கோட்டைக்குள் இருந்தால் மட்டும் ஜெயித்திருப்பானா?

8 மைல் மதில். அவனிடம் மொத்தம் 850 பேர். எல்லோரையும் மதில்மேல் நிறுத்தினால் சுமார் 50 அடிக்கு ஓர் ஆள்! அவனுக்கு மாற்று ஆள் கிடையாது. தூங்கவும் முடியாது. உச்சியில் மட்டும் ஏறி உட்கார்ந்துகொண்டால் கீழே ஊரும் வயலும் எதிரிக்குப் போய்விடும்.

ராஜாராம் 8 ஆண்டு தாக்குப்பிடித்தாரே? ஆம். அவருக்கு வெளியே துணை இருந்தது. சாந்தாஜி, தானாஜி என்ற இரண்டு மராட்டியத் தளபதிகள் குதிரைப்படையோடு வந்து, முற்றுகை போட்டவர்களின் முதுகில் அடித்தார்கள். அவர்களுக்கு வரும் தானியத்தை மறித்தார்கள். உள்ளே கோட்டை, வெளியே துணைப்படை. இரண்டும் சேர்ந்ததுதான் அவர்களுடைய திட்டம்.

தேசிங்குக்கு வெளியே யார் இருந்தார்கள்? மராட்டியர் இல்லை. ஆங்கிலேயரோடு தகப்பன் காலத்துப் பகை. டில்லி வெகுதூரம். உதவிக்கு வந்தவன் கலியாணக் கோலத்தில் இருந்த ஒரே ஒரு தோழன்!

கோட்டை மட்டும் காப்பாற்றாது என்பதற்குப் பின்னால் ஒரு சாட்சியும் கிடைத்தது. 1750-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி இதே செஞ்சியைத் தாக்கினார். உள்ளே தேசிங்கிடம் இருந்ததைவிடப் பல மடங்கு ஆட்கள் இருந்தார்கள். ஆனாலும் கோட்டை ஒரே இரவில் விழுந்தது!

அதே மலை. அதே மதில். ஒரு தடவை 8 ஆண்டு. இன்னொரு தடவை ஓர் இரவு. வித்தியாசம் கல்லில் இல்லை. ஏற்பாட்டில் இருந்தது.

அமெரிக்காவிலும் 22 வயது!

அமெரிக்காவில் ஒரு விளையாட்டு உண்டு. பெயர் கால்பந்து. ஆனால் பந்தைப் பெரும்பாலும் கையில்தான் பிடித்து ஓடுவார்கள், எறிவார்கள். பந்து முட்டை வடிவத்தில் இருக்கும். பக்கத்துக்கு 11 பேர்.

தாக்குகிற பக்கத்தில் நடுநாயகமாக நிற்பவருக்குக் குவார்ட்டர்பேக் என்று பெயர். பந்து முதலில் அவர் கைக்கு வரும். யாரிடம் கொடுப்பது, யாருக்கு எறிவது என்று சில விநாடிகளில் முடிவு செய்ய வேண்டும். அதற்குள் எதிரிகள் பாய்ந்து வந்து அமுக்கிவிடுவார்கள்.

ஆனால் திட்டம் அவருடையது அல்ல. பயிற்சியாளருடையது. அடுத்து எந்த ஆட்டம் ஆட வேண்டும் என்று களத்துக்கு வெளியே இருந்து சொல்லி அனுப்புகிறார்கள். அதைக் கேட்கக் குவார்ட்டர்பேக்கின் தலைக்கவசத்துக்குள் ஒரு சிறு ஒலிக்கருவி இருக்கிறது.

குழு தோற்றால் என்ன ஆகும்? பாதிப் பேர், "பையனுக்குத் திறமை இல்லை" என்பார்கள். பாதிப் பேர், "வாத்தியார் கொடுத்த திட்டம் சரியில்லை" என்பார்கள்.

அங்கே ஒரு விதி உண்டு. கடைசி இடம் பிடித்த குழுவுக்குத்தான் புது ஆட்டக்காரரைத் தேர்ந்தெடுக்கும் முதல் உரிமை. அதனால் சிறந்த வாலிபர் பலமுறை மோசமான குழுவில்தான் போய்ச் சேருகிறார். பாக்கி விழுந்த செஞ்சிக்குத் தேசிங்கு வந்த மாதிரி!

இரண்டு உதாரணங்கள் பார்க்கலாம். இருவருக்கும் அப்போது வயது 22.

ஒருவர் பெய்ட்டன் மானிங். 1998-ல் இண்டியானாபோலிஸ் கோல்ட்ஸ் என்ற குழுவில் சேர்ந்தார். முதல் ஆண்டில் அவர் எறிந்த பந்துகளில் 28 எதிரிகளின் கையில் போய் விழுந்தன. 16 பந்தயங்களில் குழு வென்றது 3 தான். ஊரே திட்டியது. தலைமைப் பயிற்சியாளர் ஜிம் மோரா ஆளை மாற்றவில்லை. அடுத்த ஆண்டும் அதே பயிற்சியாளர், அதே வாலிபர். 16-க்கு 13 வெற்றி! பின்னாளில் மானிங் அந்த ஆட்டத்தின் மிகப் பெரிய வீரர்களில் ஒருவர் என்று பெயர் எடுத்தார்.

இங்கே பிழை வாலிபரிடம் இருந்தது. அனுபவக் குறைவுதான் அந்தப் பிழை. அதற்கு மருந்து காலம்.

இன்னொருவர் ஜேரட் காப். 2016-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் ராம்ஸ் குழுவில் சேர்ந்தார். 7 பந்தயங்களில் முதலிலிருந்து இறங்கினார். ஏழும் தோல்வி! அந்த ஆண்டு 32 குழுக்களில் மிகக் குறைவான புள்ளி எடுத்தது அவருடைய குழுதான். 224 புள்ளிகள். "இவர் உதவமாட்டார்" என்று பலர் முடிவு கட்டிவிட்டார்கள்.

ஆனால் வெளியே போனவர் பயிற்சியாளர் ஜெப் பிஷர். அவருக்குப் பதில் ஷான் மக்வே வந்தார். வயது 30 தான். அவர் திட்டத்தை மாற்றினார். வாலிபருக்கு முன்னால் காவல் நிற்க, ஆண்ட்ரூ விட்வொர்த் என்ற 35 வயது அனுபவசாலியும் குழுவில் சேர்ந்தார். 2017-ல் அதே ஜேரட் காப் ஆடினார். குழு எடுத்த புள்ளிகள் 478. எல்லாக் குழுக்களிலும் முதல் இடம்!

கடைசி இடத்திலிருந்து முதல் இடம். ஒரே ஆண்டில். பந்தை எறிந்தவர் அதே வாலிபர். இங்கே பிழை ஏற்பாட்டில் இருந்தது.

சென்னை வாலிபர்

அமெரிக்கா எதற்கு? சென்னையிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது.

2024-ம் ஆண்டு சிங்கப்பூரில் உலகச் சதுரங்கப் பட்டத்துக்கான போட்டி நடந்தது. சீனாவின் டிங் லிரனை எதிர்த்து உட்கார்ந்தவர் சென்னை குகேஷ். வயது 18. முதல் ஆட்டத்திலேயே தோற்றார். அதுவும் வெள்ளைக் காய் வைத்து!

அவரைப் பழக்கியவர்கள் கலங்கவில்லை. போலந்து நாட்டு கஜேவ்ஸ்கி தலைமையில் ஒரு குழு ஒவ்வோர் ஆட்டத்துக்கும் அவரைத் தயார் செய்தது. மனத்தைத் திடப்படுத்தப் பேடி அப்டன் என்பவர் பக்கபலமாக இருந்தார். 3-வது ஆட்டத்தில் குகேஷ் வென்றார். டிசம்பர் 12-ந் தேதி நடந்த 14-வது ஆட்டத்தையும் வென்று, உலகின் மிக இளைய சதுரங்கச் சாம்பியன் ஆனார்.

காயை நகர்த்திய கை அவருடையது. அந்தத் துணிச்சலும் அவருடையது. ஆனால் முதல் தோல்விக்குப் பிறகு அவர் தனியாக விடப்படவில்லை.

தீர்ப்பு என்ன?

தோல்வி யாருடையது என்று கண்டுபிடிக்க இரண்டு கேள்விகள் போதும்.

முதல் கேள்வி: அதே இடத்தில் வேறு ஆளை நிறுத்தினால் ஜெயித்திருப்பாரா? "இல்லை" என்றால் ஏற்பாட்டில் கோளாறு.

இரண்டாவது கேள்வி: அதே ஆளுக்கு நல்ல ஏற்பாடும் கொஞ்சம் காலமும் கொடுத்தால் ஜெயிப்பாரா? "இல்லை" என்றால் ஆளிடம் கோளாறு.

தேசிங்கை இதில் வைத்துப் பார்க்கலாம்.

அவன் இடத்தில் வேறு யார் இருந்தாலும் பாக்கி இருந்திருக்கும். நவாபின் படை வந்திருக்கும். டில்லிக் காகிதம் செல்லாமல் போயிருக்கும். வெளியிலிருந்து உதவி வந்திராது. வயதில் பெரியவர் ஒருவர் இருந்திருந்தால் உயிர் தப்பியிருக்கலாம். பணிந்துபோய்க் கோட்டையை ஒப்படைத்திருக்கலாம். ஆனால் செஞ்சியைத் தனியாகக் காத்திருக்க முடியாது.

ஆகவே கோட்டை போனதற்குக் காரணம் ஏற்பாடு. தகப்பன் வைத்த பாக்கியும், டில்லியின் குழப்பமும், துணையில்லாத நிலையும்தான் அதைத் தோற்கடித்தன.

உயிர் போனதற்குக் காரணம் வேறு. வெள்ளத்தில் இறங்கிய அவசரம். அது வாலிபனுடையது. சிங்கவரத்துக் கதை சொல்வதும் அதைத்தான். "போரை விட்டுவிடு" என்று பெருமாள் சொன்னதாகக் கதை இல்லை. "இன்று போகாதே" என்றுதான் சொன்னாராம்!

இரண்டாவது கேள்விக்கு விடை கிடையாது. நல்ல துணையும் இன்னும் சில ஆண்டுகளும் கிடைத்திருந்தால் தேசிங்கு எப்படி ஆகியிருப்பான்? யாராலும் சொல்ல முடியாது. மானிங்குக்கு அடுத்த ஆண்டு கிடைத்தது. காப்புக்கு வேறு வாத்தியார் கிடைத்தார். குகேஷுக்கு இன்னும் 13 ஆட்டங்கள் பாக்கி இருந்தன. தேசிங்குக்கு அக்டோபர் 4-ந் தேதியே இல்லாமல் போய்விட்டது.

பெரியவர்களுக்கு ஒரு சொல்

செஞ்சிக் கோட்டையை 2025-ம் ஆண்டில் ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ நிறுவனம் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. மராட்டியர்களின் 12 கோட்டைகளை ஒரே தொகுதியாக எடுத்துக்கொண்டார்கள். 11 கோட்டைகள் மகாராஷ்டிரத்தில் இருக்கின்றன. மீதி ஒன்று செஞ்சி.

அந்தக் கௌரவம் சிவாஜி காலத்து வேலைக்காகக் கிடைத்தது. ஆனால் சுற்றுப்புறக் கிராமத்து மக்கள் சொல்லுகிற கதை சிவாஜி கதை அல்ல. 8 ஆண்டு தாக்குப்பிடித்த ராஜாராம் கதையும் அல்ல. தோற்றுப்போன 22 வயது வாலிபனின் கதைதான்!

அவன் செய்த தவறு மக்களுக்குத் தெரியும். அதை மறைக்கவில்லை. ஆனால் அந்தச் சுமை முழுவதும் அவனுடையது அல்ல என்பதும் தெரியும். அதனால்தான் திட்டாமல் அழுகிறார்கள்.

வீட்டிலும் கடையிலும் விளையாட்டு மைதானத்திலும் இளைஞர்களை முன்னால் நிறுத்துகிறவர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும். கடன்பட்ட கடையை மகன் கையில் கொடுத்துவிட்டு, ஆறு மாதத்தில் லாபம் எங்கே என்று கேட்பது நியாயம் அல்ல. சாவியைக் கொடுக்கும்போது கணக்கையும் சொல்லிக் கொடுக்க வேண்டும். பாக்கி எவ்வளவு, பகை யாரோடு, உதவிக்கு யார் வருவார்கள் என்பதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். முதல் தடவை விழுந்தால் எழுந்திருக்க இடம் கொடுக்க வேண்டும்.

இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை உண்டு. ஏற்பாடு சரியில்லை என்பது அவசரத்துக்குச் சமாதானம் ஆகாது. எதிரி காத்திருப்பான். ஆற்று வெள்ளம் நாலு நாளில் வடிந்துவிடும். போன உயிர்தான் திரும்பி வராது.